ராமானுஜனுக்கு லெட்டர் கொடுத்தவர்கள்

மலர்க் குழுவில் இருக்கும் என் பழைய மாணவர்கள், "சார், கணித வரலாற்றிலேருந்து ஏதாவது எழுதுங்க. ஆனா இப்போ படிக்கிற பசங்களுக்கும் உபயோகமா இருக்கணும்" என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். வகுப்பில் நான் பல தடவை ஆரம்பித்து, பாதியில் மணி அடித்து நின்றுபோன ஒரு கதை உண்டு. அதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போக விண்ணப்பிக்கும் பிள்ளைகள், நான் ஓய்வு பெற்ற பிறகும், பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும். "ரெண்டு ரெடி சார். பிரின்ஸிபால் ஒண்ணு, ஹெச்.ஓ.டி. ஒண்ணு. மூணாவது நீங்க" என்பார்கள். "பிரின்ஸிபால் உனக்கு என்ன பாடம் எடுத்தார்ப்பா?" என்று கேட்டால் பதில் வராது. குற்றம் அவர்கள் மேல் இல்லை. நம் ஊரில் சிபாரிசு என்றாலே பதவியில் இருப்பவரின் லெட்டர்ஹெட் என்று அர்த்தமாகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு பெரியவரோ, அவ்வளவு வெயிட் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கு தப்பு என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி ஸ்ரீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்றதும் நாமக்கல் தாயார் கனவும் 1729 டாக்ஸி நம்பரும்தான் நமக்கு ஞாபகம் வரும். கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜ் போகிற வரை அந்த மனிதர் எத்தனை பேரிடம் கடிதம் வாங்க வேண்டியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அவரிடம் பட்டம் கிடையாது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போயிற்று. பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கு மட்டும் வரும், மற்றதெல்லாம் வராது. மார்க் ஷீட் கைகொடுக்காதவனுக்குக் கடிதம் ஒன்றுதான் வழி.

1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் போய், ஒரு குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் இந்த ராமஸ்வாமி ஐயர்தான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்டவனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து வீணாக்கக் கூடாது என்று வேலை கொடுக்க மறுத்துவிட்டார். கேட்டதைக் கொடுக்காமல், சென்னையில் இருந்த பேராசிரியர் பி.வி. சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு எழுதினார். ராவ் தன் பையிலிருந்தே மாசம் 25 ரூபாய் அனுப்பிவந்தார்.

பிறர் பணத்தில் எத்தனை நாள் இருப்பது? 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். அதோடு பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சான்றிதழும் போயிற்று. பையன் கணிதத்தில் அபாரத் திறமை உள்ளவன், எண்களைக் கையாளுவதில் கெட்டி, கணக்கு மடமடவென்று போடுவான், உறுதியாகச் சிபாரிசு செய்கிறேன் என்று நாலே வரி. நல்ல கடிதம்தான். மார்ச் 1-ம் தேதி முதல் மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆனால் பாருங்கள், வேகமாகக் கணக்குப் போடுவான் என்று எழுதினால் கணக்கர் வேலைதான் கிடைக்கும். கடிதம் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அந்தக் கதவுதான் திறக்கும்.

துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக வாய்த்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். ராத்திரியில் இருவரும் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் விஷயத்தைப் போட்டவர் அவர்தான். இதற்கிடையில் சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் கணக்குகளை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். ஹில் அக்கறையாகத்தான் பதில் போட்டார். விரிதொடர்களில் பையன் சறுக்கியிருக்கிறான், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்றார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இனி என்னுடைய மதிப்பில் இந்தக் கதையிலேயே மிகச் சிறந்த கடிதத்துக்கு வருகிறேன். எழுதியவர் கில்பர்ட் வாக்கர். சிம்லாவில் வானிலைத் துறைக்குத் தலைவர். நம் பருவமழை ஏன் சில வருஷம் பொய்க்கிறது என்று ஆராய்ந்தவர் என்பதால் புவியியல் மாணவர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். 1913 பிப்ரவரி 25-ம் தேதி அவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது ஸ்பிரிங் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு வாக்கர் கடிதம் எழுதிவிட்டார்.

அதில் என்ன இருந்தது? நேற்று இந்தக் கணக்குகளைப் பார்த்தேன். புதுமையில் இவை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஃபெலோ செய்யும் வேலைக்குச் சமம். ஆனால் துல்லியமும் முழுமையும் போதாது. இது என் தனித்துறை அல்ல, ஆகவே இவர் ஐரோப்பியப் புகழ் பெறுவாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்றாலும், சில வருஷமாவது பிழைப்புக் கவலை இல்லாமல் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட இவருக்குப் பல்கலைக்கழகம் வசதி செய்து தருவது நியாயமே. சாரம் இவ்வளவுதான்.

குறையையும் சொல்லிவிட்டார், தனக்குத் தெரியாததையும் தெரியாது என்றே சொல்லிவிட்டார். அதனால்தான் அவர் புகழ்ந்த வரியை யாரும் சந்தேகப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதையும் அளந்து கேட்டார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. வேண்டும் என்பது அன்றைய விதி. எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்கு அந்த விதியைத் தாண்டி, 1913 மே 1 முதல் இரண்டு வருஷத்துக்கு மாசம் 75 ரூபாய் கிடைத்தது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை அறிக்கை தரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை.

ஹார்டியை விட்டுவிட்டேனே என்று நினைக்காதீர்கள். 1913 ஜனவரி 16-ம் தேதி ராமானுஜன் அவருக்கு எழுதியது எல்லோரும் அறிந்தது. அதற்குப் பதில் வந்ததும், பிப்ரவரி 27-ம் தேதி, அதாவது வாக்கர் எழுதிய மறுநாள், ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதத்தைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன். என் மூளையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சாப்பாடு வேண்டும், அதுதான் இப்போது முதல் கவலை, நீங்கள் அனுதாபமாக ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ ஸ்காலர்ஷிப் வாங்க உதவியாக இருக்கும் என்று நேராகவே கேட்டுவிட்டார். சுற்றி வளைக்கவில்லை, கூச்சப்படவுமில்லை. "சார், நேரம் இருந்தா... முடிஞ்சா..." என்று கதவோரம் நின்று இழுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏற்றிய கடிதம் ஈ.ஹெச். நெவிலுடையது. 1914 தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவாற்ற வந்தவரிடம், ராமானுஜனை எப்படியாவது அழைத்து வாருங்கள் என்று ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார். நெவிலுக்கு வயது 25. ராமானுஜனும் அவரும் சில முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது சந்திப்பில் நோட்டுப் புத்தகத்தையே எடுத்துப் போய்ப் படியுங்கள் என்று ராமானுஜன் கொடுத்துவிட்டாராம். ஜனவரி 28-ம் தேதி பதிவாளர் ட்யூஸ்பரிக்கு நெவில் எழுதினார். கணித உலகத்தில் நம் காலத்தின் மிகச் சுவையான நிகழ்ச்சி இது, நவீன முறைகளும் அவை தெரிந்த மனிதர்களும் இவருக்குப் பழக்கமாக வேண்டும், இவரை இருட்டிலிருந்து புகழுக்குக் கொண்டுவந்ததற்காகச் சென்னை நகரமும் பல்கலைக்கழகமும் பெருமைப்படும் என்றார். வாக்கர் அடக்கி எழுதினார், இவர் கொட்டித் தீர்த்தார். ஆனால் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் படித்தவர் கொட்டினால் அதற்கு மதிப்பு வேறு. பிரஸிடென்ஸி கல்லூரி லிட்டில்ஹெயில்ஸும் எழுதினார். வருஷம் 250 பவுன் வீதம் இரண்டு வருஷம் என்று முடிவாயிற்று. அதில் மாசம் 60 ரூபாய் கும்பகோணத்தில் அம்மாவுக்குப் போக ஏற்பாடு. மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பல் புறப்பட்டது.

இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது. பல பல்கலைக்கழகங்கள் அனுப்பும் படிவத்தில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கும்: இவரை எத்தனை காலமாக, எந்த முறையில் தெரியும்? பாடமே எடுக்காத பெரியவர் அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவார்? டிசம்பரில் கெடு என்றால் ஆகஸ்டிலேயே வாருங்கள். மார்க் ஷீட் நகல் மட்டும் போதாது. நீங்கள் செய்த புராஜெக்ட், தப்பும் திருத்தமுமாக எழுதிய நோட்டு, எதுவானாலும் கொண்டுவந்து ஒரு வாரம் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அந்த நவம்பரில் ஹார்டி சென்னைக்கு எழுதிய கடிதத்தின் பேரில், வருஷம் 250 பவுன் வீதம் ஐந்து வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்தது. 1919 ஜனவரி 11-ம் தேதி ராமானுஜன் உடம்பு சரியில்லாத நிலையில் ட்யூஸ்பரிக்குப் பதில் எழுதினார். இது என் தேவைக்கு அதிகம். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் பள்ளிச் சம்பளம் கட்டவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று.