தாய்மொழியைத் தேடிக் கடல் கடந்த தீவகத்தவர்

யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு, ஆழங் குறைந்த பரவைக் கடலின் மறுபுறத்திலே முதலிற் புலப்படும் நிலம் மண்டைதீவாகும். அதற்கு அப்பால் வேலணையும் ஊர்காவற்றுறையும், புங்குடுதீவும் நயினாதீவும், தொலைவிலே நெடுந்தீவும் கிடக்கின்றன. இன்று பண்ணைத் தாம்போதி வழியாகப் பேருந்து செல்கின்றது. அத்தாம்போதி அமைவதற்கு முன்னர், நகரத்துக் கல்லூரியை நாடிய தீவக மாணவர் கடலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. அவர்கள் மற்றுமொரு கடலையும் கடக்கவேண்டியிருந்தது. அது மொழிக் கடல். பிரித்தானியர் ஆட்சியில் உயர்கல்வியும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் வழியே கிடைத்தமையால், கற்றவர் ஆகுந்தோறும் தமிழிலிருந்து விலகிச் செல்லும் நிலை பலர்க்கு நேர்ந்தது.

இந்நிலையிற் பிறந்து, இந்நிலையைத் தம் வாழ்விலே மாற்றிக் காட்டியவர் தவத்திரு சேவியர் தனிநாயக அடிகளார் ஆவர். தமிழாராய்ச்சி மாநாடுகளின் முன்னோடியாக அவர் போற்றப்படுகின்றார். ஆயின் அப்புகழுக்கு முற்பட்ட ஒரு செய்தி போதிய அளவு நோக்கப்படவில்லை. தமிழிலக்கியத்தை அவர் கற்றது தம் பிறந்த நாட்டிலன்று. பிறநாட்டிலே, ஓர் ஊரில் வாழ்ந்து, ஓர் ஆசிரியரை அடுத்திருந்து, வளர்ந்தபின் கற்றார் என்பதே அச்செய்தி.

அடிகளார் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆந் திகதி ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனிற் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். குருத்துவக் கல்வியைக் கொழும்பிலே தொடங்கி, 1934 இல் உரோமாபுரிக்குச் சென்றார். அங்குள்ள ஊர்பன் பல்கலைக்கழகம் பல தேசத்து மாணவர் கூடிய இடம். விரிவுரை இலத்தீனில், வீதியிலே இத்தாலியம், உடன் பயின்றோரிடையே உலகின் பல மொழிகள். இத்தகைய சூழலில் மொழி என்பது பாடநூலில் அடங்கிக் கிடக்கும் பொருளன்று. உண்ணும் இடத்திலும் வழிபடும் இடத்திலும் உறவாடும் இடத்திலும் வாழ்வது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பின்னாளில் அவர் பெற்ற ஆற்றலுக்கு இவ்வாழ்க்கையே அடித்தளமாயிற்று எனல் பொருந்தும். 1938 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொடர்ந்து இறையியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இலத்தீனில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்ற இளைஞர்க்குச் சங்க இலக்கியம் அப்போது அறிமுகமற்ற உலகாகவே இருந்தது. வீட்டில் வழங்கிய தமிழ் அவரிடம் உண்டு. பேரிலக்கியங்களின் தமிழ் இல்லை. 1940 இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு, புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியராக அவர் வந்தார். பிறர்க்குக் கற்பிக்க வந்தவர் அங்கே தாமே மாணவரானார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் பழந்தமிழ் நூல்களை முறையாகப் பாடங் கேட்டார். கத்தோலிக்க குரு ஒருவர் ஐயர் ஒருவரின் முன்னே மாணாக்கராக அமர்ந்த அக்காட்சி சிந்திக்கத் தக்கது. மொழியின் பொருட்டுச் சமய வேற்றுமையும் பட்டத்தின் பெருமிதமும் அங்கே ஒதுங்கி நின்றன.

வடக்கன்குளத்து வாழ்வு அவரை 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் சென்றது. முப்பது வயதைக் கடந்தபின் மீண்டும் மாணவராகி, முதுகலைப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பெறும் இடமே அவருடைய ஆய்வுப் பொருள். தீவகத்திற் பிறந்தவர்க்கு நெய்தல் நிலம் புதிதன்று. உப்பங்காற்றும் தாழையும் வலையும் அவர் கண்டு வளர்ந்தவை. கண்ணுக்குப் பழகிய நிலத்துக்கு உரிய சொல்லை நூலிற் காணும்போது எய்தும் வியப்பு, தாய்மொழியைத் தாமதித்துக் கற்பவர்க்கே சிறப்பாக உரியது போலும்.

இவ்வனுபவம் அவருடைய பிற்கால ஆய்வின் திசையையும் ஓரளவு தெளிவாக்குகின்றது. 1950 களில் ஐரோப்பிய நூலகங்களில் அவர் தேடியவை, பிறமொழியாளர் தமிழ் கற்ற வரலாற்றின் சான்றுகளே. 1554 இல் இலிஸ்பனில் அச்சான தமிழ் - போர்த்துக்கேயச் சமய நூலினை அவர் அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ் ஒலிகளை உரோமன் எழுத்திலே தந்த அந்நூலின் ஆக்கத்தில், அந்நகரில் வாழ்ந்த இந்தியக் கிறித்தவர் மூவர் ஈடுபட்டனர். நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிறநாட்டில் வாழ்ந்தோர் தம்மொழியை அந்நாட்டார்க்கு எடுத்துரைத்தமைக்கு அது சான்று. போர்த்துக்கேய இயேசுசபைக் குருவான அன்றிக்கே அடிகளார் இதன் மறுதலை. 1547 அளவில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், மொழிபெயர்ப்பாளரையே நம்பியிராது, பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவரால் ஆனது. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. அதன் படியொன்றை வத்திக்கான் நூலகத்திற் கண்ட தனிநாயக அடிகளார், 1966 இல் கோலாலம்பூரில் அதனை மறுபதிப்பாக வெளிவரச் செய்தார்.

ஈண்டு ஒரு வினா எழலாம். தாய்மொழியைக் கற்கப் பிறநாடு செல்லவேண்டி வந்தமை பெருமைக்கு உரியதோ? அன்று. அஃது அக்காலக் கல்விமுறையின் குறை. குருத்துவக் கல்வி உலகின் கதவுகளை அடிகளார்க்குத் திறந்துவிட்டது. அவ்வாய்ப்பு அற்ற எத்தனையோ தீவக மாணவர், ஆங்கிலத்திலும் முழுமையெய்தாது தமிழிலும் ஆழங் காணாது நின்றிருப்பர். மேலும், தமிழின் சிறப்பை உலகறியச் செய்ய 1952 இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில ஏடாகவே வெளிவந்தது. தம்மைத் தமிழிலிருந்து விலக்கிய மொழியையே தமிழுக்குப் பணிசெய்ய வைத்தமை அவருடைய வாழ்வின் முரணும் வெற்றியும் ஆகும். 1964 இல் டில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966 இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் மாநாடும் அவ்வெற்றியின் கனிகள். 1974 தை மாதத்தில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்திலேயே நடைபெற்றது. 1980 செப்டெம்பர் 1 ஆந் திகதி அடிகளார் மறைந்தார்.

அவர் மறைந்து பத்தாண்டு நிறையுமுன்னரே தீவகத்தின் நிலை மாறிற்று. 1990 ஆகஸ்டில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையின்போது மண்டைதீவு மக்களும் அயற்றீவு மக்களும் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பினர், திரும்பாதோரும் பலர். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அவர்தம் பேரப்பிள்ளைகள் வளர்கின்றனர். வீட்டிலே கேட்ட தமிழ் அவர்களிடம் உண்டு. நூலின் தமிழ் பலரிடம் இல்லை. விடுமுறைக்குத் தீவகம் வந்து, பேரனார் வீட்டு முற்றத்திலே சொற்களைத் தேடித் தடுமாறும் பிள்ளையைக் கண்டு நகைப்போரும் உளர், வருந்துவோரும் உளர்.

நகைத்தலும் வருந்துதலும் வேண்டா. கரம்பனிற் பிறந்த அறிஞரும் தம் இருபத்தேழாம் வயதில் ஏறத்தாழ இந்நிலையிலேயே நின்றார். அவர்க்கு வடக்கன்குளத்தில் இருக்க ஓரிடமும், பொறுமையோடு பாடஞ் சொல்ல ஓர் ஆசிரியரும் கிடைத்தனர். அவ்விரண்டும் இன்றைய பிள்ளைகட்குக் கிடைக்குமாயின், கடல் கடந்து சென்ற மொழி கடல் கடந்து மீளும். அவற்றை அளிக்கும் பொறுப்பு மண்ணில் எஞ்சியிருப்போர்க்கும், தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கட்கும் உரியதாகும்.