நாலு பூச்சு பெயின்றும் ஒரு சிமினியும்

கிழக்கு லண்டனில் நாங்கள் வாங்கின பழைய வீட்டின் முன்னறையில் செங்கல்லால் கட்டின ஒரு கணப்பு இருக்கிறது. பயர்பிளேஸ் என்றால்தான் எங்கட ஆக்களுக்கு உடனே விளங்கும். செங்கல்லுக்கு மேல் யாரோ வெள்ளை பெயின்ற் அடித்திருந்தார்கள். அது புகை பட்டுத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குள்ளே துருப்பிடித்த ஒரு இரும்பு விறகு ஸ்ரோவ்.

ஒருவர் அதை இடித்துவிட்டு ரீவி வைக்கச் சொன்னார். இன்னொருவர் மணல் அடித்து பெயின்றைக் கழற்றினால் செங்கல் அழகாக வரும் என்றார். அதற்குக் கேட்ட கூலியைக் கேட்டதும் நான் கதையை மாற்றிவிட்டேன். நானே ஒரு மூலையில் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளைக்குக் கீழே கிறீம், அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே ஒரு மண்ணிறம், கடைசியில் கரி ஏறிய செங்கல். அந்த நாலு பூச்சும் இந்த நாட்டின் கதை என்று பிறகுதான் விளங்கியது.

இங்கிலாந்தில் அடுப்புக்கு வரி கட்டின காலம் ஒன்று இருந்தது. 1662இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் கொண்டுவந்த வரி அது. ஒரு அடுப்புக்கு வருசம் இரண்டு சில்லிங். மிக ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அடுப்பை எண்ணுவதைச் சனம் வெறுத்தது. 1684இல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் சேர்ச்சில் என்ற கிராமத்தில் பாண் சுடுகிற ஒருவர், வரியை மிச்சம் பிடிக்கச் சுவரை உடைத்துத் தன் அடுப்பின் புகையைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குள் விட்டாராம். தீப்பிடித்து இருபது வீடு எரிந்தது. நாலு பேர் செத்தார்கள். 1689இல் அந்த வரியை ஒழித்தார்கள். காசு மிச்சம் பிடிக்கிறவன் எந்த இடத்தில் பிடிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

விறகு அருகி நிலக்கரி வந்தபோது புகைபோக்கிகள் ஒடுங்கி, வளைந்து வளைந்து போகத் தொடங்கின. நிலக்கரிக் கரியை வழித்தெடுக்காவிட்டால் புகைபோக்கியே தீப்பிடிக்கும். பெரிய ஆள் அதற்குள் நுழைய முடியாது. அதனால் பிள்ளைகளை ஏற்றினார்கள். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகள். அநேகம் பேர் அநாதைகள், அல்லது தாய் தகப்பன் கொடுத்துவிட்ட பிள்ளைகள். 1775இல் பேர்சிவல் பொட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு விதைப்பையில் வருகிற புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1788இல் எட்டு வயசுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது என்றார்கள். 1840இல் 21 வயசுக்குக் குறைந்த எவரையும் ஏற்றக்கூடாது என்றார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் புல்போர்னில் ஜோர்ஜ் ப்றூஸ்ரர் என்ற சிறுவன் ஒரு வைத்தியசாலைப் புகைபோக்கிக்குள் சிக்கி, வெளியே எடுத்த பிறகு செத்துப்போனான். அதே வருசம் வந்த சட்டத்தோடுதான், துடைப்பவர்களுக்கு அனுமதிப் பத்திரம் கட்டாயமாகி, இந்தக் கொடுமை முடிந்தது. 1788இலிருந்து கணக்குப் பார்த்தால் 87 வருசம். முன்னறைகளில் குளிர்காய்ந்தவர்களுக்கு மேலே எந்தப் பிள்ளை ஏறுகிறது என்று தெரியாமல் இருந்திருக்குமா?

இத்தனைக்கும் அந்தத் திறந்த அடுப்பு வேலை செய்ததும் குறைவு. சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கியால் வானத்துக்குப் போய்விடும். 1790களில் ரம்போர்ட் பிரபு என்பவர் அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவரைச் சரிவாக்கி, புகைவாயை ஒடுக்கிக் காட்டினார். புகை ஒழுங்காக மேலே போனது, சூடு அறைக்குள் வந்தது. ஆனாலும் எரித்தது நிலக்கரிதானே.

அதன் கணக்கு 1952 டிசம்பர் 5ஆம் திகதி வந்தது. காற்று அசையாமல் நிற்க, லட்சக்கணக்கான வீட்டு அடுப்புகளின் புகையும் மின் நிலையங்களின் புகையும் பனிமூட்டத்தோடு சேர்ந்து ஐந்து நாள் லண்டனை மூடின. நல்ல நிலக்கரியை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு, தூளாகக் கிடந்த மலிவான கரியைத்தான் ஏழைகள் எரித்தார்கள். ஒரு நாடக அரங்குக்குள்ளேயே புகை புகுந்து நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். நாலாயிரம் பேர் செத்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. குண்டு விழவில்லை, சனம் வீட்டுக்குள் குளிர்காய்ந்ததாலேயே செத்தது.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. அடுப்பை மாற்றுவதற்கு அரசாங்கமும் கவுன்சிலும் காசு உதவி செய்தன. 1965இல் வடகடலில் எரிவாயு கண்டுபிடித்த பிறகு வீட்டுக்கு வீடு காஸ் வந்தது. கணப்புக்கு முன்னால் காஸ் ஹீற்றரை வைத்தார்கள், புகைபோக்கியை அடைத்தார்கள். கறுத்த செங்கல் இனி எதற்கு என்று பெயின்ற் அடித்தார்கள். என்னுடைய மண்ணிறமும் பச்சையும் அந்தக் காலத்தவை என்பது என் ஊகம். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு விறகு ஸ்ரோவ் திரும்ப வந்தது. இப்போது அது நாகரிகம். ஆனால் விறகுப் புகையின் நுண்துகள் நெஞ்சுக்குள் போவது மாறவில்லை. அதனால்தான் 2021இலிருந்து இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கிற விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 2022இலிருந்து விற்கிற புது ஸ்ரோவ்களுக்கும் கடுமையான அளவு வைத்தார்கள்.

நான் சுரண்டினதை அதோடு நிறுத்தினேன். 1960களுக்கு முந்திய பெயின்றில் ஈயம் இருக்கலாம், தூள் பிள்ளைகளுக்குக் கூடாது. மணல் அடித்தால் செங்கல்லின் சுட்ட மேல்தோலும் போய்விடும். எனவே பழைய பெயின்றை அப்படியே விட்டு, சுகர் சோப் போட்டுக் கழுவி, ஒரு பிறைமர், மேலே மங்கல் சாம்பல் நிறம் இரண்டு பூச்சு. ஸ்ரோவுக்கு மட்டும் சூடு தாங்குகிற கறுப்பு. கதவைச் சுற்றியிருந்த இத்துப்போன கண்ணாடி நார்க் கயிற்றை மாற்றினேன். எல்லாம் நூறு பவுண்ஸுக்குக் கொஞ்சம் மேல்.

மிச்சக் காசை மேலே செலவழித்தேன். துடைக்க வந்தவர் தடியை ஏற்றிக் குத்த, ஒரு சாக்கு நிறையச் சுள்ளி விழுந்தது. பறவைக் கூடு. அதை எடுக்காமல் நெருப்பு மூட்டியிருந்தால் காபன் மொனொக்சைட் அறைக்குள் திரும்பியிருக்கும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெயின்ற் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது காட்டிக் கொடுக்காது. பிறகுதான் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிச் சுவரில் பூட்டினேன்.

அம்மா இதையெல்லாம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. பனைமட்டையும் பொச்சும் வைத்து ஊதுகுழலால் ஊதிச் சமைத்தவ. "எங்கட புகைக்கூடு குசினிக்குத்தானே, இவங்கள் ஏன் இருக்கிற அறைக்குள்ள வச்சவங்கள்?" என்று கேட்டா. சிமினி என்றால் அவவுக்கு இன்னும் லாந்தர் கண்ணாடிதான். முதல் நாள் எரித்த அடுத்த காலை, ஸ்ரோவின் கண்ணாடி கறுத்துப் போயிருந்தது. நான் கடைக்குப் போய் ஏதாவது திரவம் வாங்கலாம் என்று சப்பாத்துப் போடுகிறேன். அவ பேப்பரை நனைத்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, லாந்தர் சிமினி துடைக்கிற மாதிரியே துடைத்துக்கொண்டிருந்தா.