புதுக்கோட்டை நாட்டில் உருவப்படமும் உறவும்

கல்வெட்டும் செப்பேடும் நாட்டு வரலாற்றுக்குச் சான்றாதலை அறிஞர் யாவரும் ஒப்புவர். நிழற்படத்திற்கோ அவ்வரிசையில் உரிய இடம் இன்னும் வாய்த்திலது. 1948 வரை தனியரசாக விளங்கிய புதுக்கோட்டையை நிலைக்களமாகக் கொண்டு, ஒருவரையொருவர் அறியாத இருவரை ஒரு கருவி எங்ஙனம் எதிரெதிர் நிறுத்திற்று என்பதை ஈண்டு நோக்குவாம்.

சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய ஊர்களோடு புதுக்கோட்டைக்கும் வந்தார். இராமச்சந்திர தொண்டைமான் அரசாண்ட காலம் அது. இங்கு எடுத்த படங்கள் 1858-இல் தனித்தொகுதியாயின. மெழுகூட்டிய தாளில் அவர் படம் பிடித்தார். அத்தாளில் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். கல் அசையாது நிற்கும், நடப்பவன் நில்லான். ஆதலின் அவர் படங்களிற் பெரும்பாலானவை ஆளற்ற வீதிகளும் மண்டபங்களுமாகவே தோன்றுகின்றன. ஊர் வெறிச்சோடிக் கிடந்ததென்று அவற்றைக் கொண்டு முடிபு கூறுதல் பிழையாகும். (தஞ்சைப் பெரிய கோயில் விமானக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இவர் இணைத்தமை கல்வெட்டுத் துறையினர் மறக்கலாகாதது.) 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன், அரசின் பொருள்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி இப்பணியை நிறுத்திவிட்டார்.

1851-இல் கண்ணாடித் தகட்டு முறை தோன்றியபின் பதியும் நேரம் நொடிகளாகக் குறுகிற்று. முகங்கள் தெளிவாக வரத் தொடங்கின. ஆயினும் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் பற்றிய நூலும், 1909-இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும், எதிரே நின்றவரைப் பெரும்பாலும் குலத்தின் மாதிரியாகவே காட்டின. 'நீ எவ்வினத்தான்?' என வினவியதேயன்றி, 'உன் பெயர் யாது?' என்று அக்கருவி கேட்டிலது. அதனை உறவு எனல் எனக்கு உடன்பாடன்று.

உறவு தொடங்கியது படநிலையங்களிலேயே. இங்குப் பணங்கொடுத்தவர் படத்தில் இருப்பவர். ஆதலின் உடையும் நிற்கும் நிலையும் அவர் விருப்பத்திற்கும் உரியன. தொடுகைக்கும் வரம்பு வகுத்த ஒரு சமுதாயத்தில், முன்பின் அறியாத படக்காரர் முகவாயைத் தொட்டு நிமிர்த்துவார். தோளைச் சற்றே திருப்புவார். 'அசையாதீர்கள்' என ஆணையிடுவார். பெரியவரும் அடங்கி அமர்வார். இச்சிறு நிகழ்ச்சியை எந்த ஆவணமும் குறித்துவையாது. படமே அதன் பதிவு.

கோனாபட்டு, இராயவரம், அரிமளம் முதலிய ஊர்களிலிருந்து வணிகத்தின் பொருட்டுப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோர்க்கு உருவப்படம் ஆளுக்கு ஈடாயிற்று. தந்தையைக் காணாத மழலை சுவரிலிருந்த படத்தைக் காட்டி அவரை அறிந்தது. மணப்பேச்சிலும், நேரிற் காணுமுன் படமே முன்சென்று அறியாத இரு குடும்பங்களிடையே தூது நடந்தது. இறந்தபின் அதே படம் சந்தனமும் குங்குமமும் பெற்று வழிபாட்டுப் பொருளாயிற்று.

இன்று அவ்வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, சில இடிக்கப்பட்டன. சட்டமிட்ட பாட்டனார் படங்கள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைபோகின்றன. வாங்குபவர்க்கு அவை பெயரற்ற முகங்கள். உற்றாராயிருந்தவர் மீண்டும் அயலாராகிவிடுகின்றனர். தர்ஸ்டன் நூலின் பக்கத்திற்கே திரும்பினாற்போல. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய படநிலையங்களின் படங்களைத் தேடிப் படியெடுத்தமை பாராட்டத்தக்கது. எனினும் படியெடுப்பு முகத்தைத்தான் காக்கும். பெயரை வீட்டுப் பெரியோரே கூறவல்லர். களப்பணிக்குச் செல்லும் முதுகலை மாணவர், ஓலைச்சுவடியைக் கேட்பதற்கு முன் சுவரிலுள்ள படங்களைக் கேட்பாராக. கேட்டறிந்த பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் மையால் எழுதலாகாது. மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுக.