ஆரணிக் கடைப்பலகையின் நிழல் எழுத்து

பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணியின் வரலாற்றை எழுதுவோர் ஜாகீரைச் சொல்வார்கள். 1751இல் கிளைவ் நடத்திய போரைச் சொல்வார்கள். தறியையும் ஜரிகையையும் சொல்வார்கள். சேலை விற்ற கடையின் பெயரைப் பலகையில் எழுதியவரை யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் நிழல் விழுந்து, பலகையைவிட்டுப் புடைத்து நிற்பதுபோல் தோன்றும் அந்தப் பழைய எழுத்து, ஆரணி போன்ற சந்தை ஊர்களின் கைத்தொழில் வரலாற்றில் தறிக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது என்பதே என் வாதம்.

அது இங்கிலாந்திலிருந்து வந்த சரக்குதானே என்று கேட்கலாம். பிறப்பு லண்டன்தான்: வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்திலேயே நிழலிட்ட அச்செழுத்து உண்டு. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1828இல் மர எழுத்துப் பட்டியலை வெளியிட்டபின் சுவரொட்டிக்கான பெரிய அலங்கார எழுத்துகள் மலிந்தன. ஆனால் ஆங்கிலத்தில் 26 பெரிய எழுத்துகளை வெட்டினால் ஓர் அலங்கார வரிசை முடிந்துவிடும். தமிழுக்கோ உயிர்மெய் வடிவங்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகள் வேண்டும். தலைப்புக்கும் கடைப்பெயருக்கும் மட்டும் பயன்படும் ஒன்றுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. எனவே தமிழ் நிழல் எழுத்து ஈய அச்சைவிடப் பலகை எழுதும் ஓவியர், பிளாக் செதுக்குபவர் ஆகியோரின் கையில்தான் அதிகம் வளர்ந்தது. நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்தில் நிழல் ஒரே பட்டையாக விழும். ண, ஞ ஆகியவற்றின் சுழிகளிலோ அது உள்வெளியை அடைத்துவிடும். எங்கே நிழலை மெலிக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதை நம் ஓவியர்களே கண்டறிய வேண்டியிருந்தது. பிரான்சில் பிறந்த ஜக்கார்டு, நம் தறிமேல் ஏறி முந்தானையில் மயிலும் அன்னமும் நெய்கிறது. அந்தச் சேலையை யாரும் பிரெஞ்சுச் சேலை என்பதில்லை. எழுத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

நிழல் வாசிப்பைக் கெடுக்கும் என்பது அடுத்த மறுப்பு. பத்தி பத்தியாக அச்சிட்டால் கெடுக்கும், உண்மை. ஆனால் இந்த எழுத்து இரண்டு மூன்று சொற்களை நெரிசலான தெருவில் தூரத்திலிருந்து கண்ணில் படவைக்கப் பிறந்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆவணமாகவும் அது பயன்படுகிறது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘சேலை’, ‘விலை’ ஆகிய சொற்களில் ‘லை’ பழைய துதிக்கை வடிவில் இருந்தது. அந்த வடிவமுள்ள பலகை, பழைய வழக்கில் கைதேர்ந்தவர் எழுதியது என்று ஊகிக்க இடமுண்டு.

பிளெக்ஸ் பேனர் வந்தபின் இந்தப் பலகைகள் கழற்றி எறியப்படுகின்றன. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நிழல் விழுகிறது, சுழிகள் அடைபடுகின்றன. ஓவியர் கண்ட தீர்வு அந்தக் கட்டளையில் இல்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றுத் தந்த அக்கறையில் ஒரு பங்கேனும் இதற்கும் வேண்டும். எஞ்சிய பலகைகளைப் படமெடுத்து, எழுதியவர்களிடம் முறையைக் கேட்டறிந்து, அதிலிருந்து ஒரு தமிழ் எழுத்துருவை வடிக்க வேண்டும். கேட்டால் சொல்லித்தர அவர்களில் சிலராவது இன்னும் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.