அமைச்சர் ஜஃபர் வில்லனான கதை

போன ரமழான் விடுமுறையில் என் இளைய மகள் அப்பாஸியர் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். ஹாரூன் அர்-ரஷீதின் அமைச்சர் ஜஃபர் அல்-பர்மக்கியின் பெயர் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இந்த ஜஃபர் கெட்டவன்தானே வாப்பா? அலாவுத்தீன் படத்தில பாம்புத் தடியோட வருவானே" என்று கேட்டாள். அவளில் பிழையில்லை. அவளுக்கு முதலில் அறிமுகமானது படத்து ஜஃபர்தான்.

ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஜஃபர் வேறு ஆள். கலீபா மாறுவேடத்தில் பக்தாத் தெருக்களில் நடக்கும்போது கூடப் போகிறவர் அவர். 'மூன்று ஆப்பிள்கள்' கதையில், கொலைகாரனைக் கண்டுபிடிக்காவிட்டால் தன் உயிர் போகும் என்று கலங்குகிறவரும் அவரே. வரலாற்று ஜஃபரோ அறிஞர்களை ஆதரித்த பர்மக்கி குடும்பத்தில் பிறந்து, 803 இல் அதே ஹாரூனின் கட்டளையால் கொல்லப்பட்டவர். அவர் எப்படி மந்திரவாதியானார்?

இந்நூலைப் படமாக்க நினைப்பவருக்கு முதற் கஷ்டம், 'எந்த நூல்?' என்பதுதான். அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். அவர் கையிலிருந்த பழைய சிரியக் கையெழுத்துப் பிரதியில் 282 இரவுகளே உண்டு. அதில் அலாவுத்தீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. அவை ஹலபிலிருந்து பாரிஸுக்கு வந்த ஹன்னா தியாப் என்ற மரோனியக் கிறிஸ்தவ இளைஞர் 1709 இல் கலானுக்கு வாயால் சொன்ன கதைகள்.

சினிமா பெரும்பாலும் தியாபின் கதைகளையே எடுத்துக்கொண்டது. லொட்டே ரைனிகர் 1926 இல் கறுப்புக் கடதாசி உருவங்களை வெட்டி அசைத்துச் செய்த 'இளவரசர் அஹ்மத்' படம், பல கதைகளை ஒன்றாகப் பின்னியது. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1956 இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஒரே கதையைப் பிடித்தது. மூலக் கதையில் திருடர்களை ஒழிப்பது மர்ஜானா என்ற அடிமைப் பெண்ணின் புத்தி. அலிபாபா மனைவி உள்ளவன். தமிழ்ப் படத்திலோ எம்.ஜி.ஆர். காதலன், பானுமதி காதலி. நட்சத்திரத்துக்காகக் கதை வளைந்தது.

ஜஃபருக்கு நேர்ந்ததும் இப்படியொரு வளைவுதான். 1940 இல் அலெக்ஸாண்டர் கோர்டா தயாரித்த 'பக்தாத் திருடன்' படத்துக்கு ஒரு துரோக அமைச்சர் தேவைப்பட்டார். அவருக்கு ஜஃபர் என்று பெயரிட்டார்கள். 1992 இல் டிஸ்னி அதே பெயரையே எடுத்தது. தியாபின் கதையில் மந்திரவாதி மக்ரிபிலிருந்து வந்தவன். அமைச்சர் வேறு ஆள். டிஸ்னி இருவரையும் ஒருவராக்கிற்று. கதை நடக்கும் இடமான சீனத்தையும் விட்டுவிட்டு, அக்ரபா என்ற இல்லாத அரபு நகரத்தைக் கட்டிற்று. படத்தின் தொடக்கப் பாடலில் அரபிகளை இழிவுபடுத்திய ஓரிடத்தை, அமெரிக்க அரபிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 1993 இல் வீடியோவுக்காக மாற்றினார்கள். ஜஃபர் பற்றி அப்படி ஒரு மாற்றம் வரவில்லை.

மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. தியாப் சொன்னதை கலானும் மாற்றித்தான் எழுதினார். இந்தக் கதைகள் மாறி மாறியே உயிர்வாழ்ந்தவை. ஆனால் கற்பனை மந்திரவாதிக்கு எந்தப் பெயரும் பொருந்தும். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரின் பெயரை அவனுக்குச் சூட்ட என்ன தேவை?

இன்றைக்கு யாராவது இதைத் திரும்ப எடுப்பதானால் தொடராக எடுக்கட்டும். விடியும் நேரத்தில் கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்த இரவுக்குக் காத்திருக்க வைத்தவள் ஷஹ்ராசாத். அந்த உத்தி தொடருக்கே பொருந்தும். அவளை வெட்டிவிட்டு எடுத்தால் மிஞ்சுவது விளக்கும் கம்பளமும்தான்.

அன்றிரவு மகளுக்கு 'மூன்று ஆப்பிள்கள்' கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். "ஜஃபர் தப்பினாரா வாப்பா?" என்று கேட்டாள். 'தப்பினானா' என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.