கலம் கட்டும் காலக் கணக்கு

ஒரு கலத்தைக் கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்னும் வினா எளிதாகத் தோன்றும். ஆயின் விடை எளிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்கள் இதற்குத் தக்க சான்றாகும். 1941 முதல் 1945 வரை 18 கட்டுந்தளங்களில் 2,710 கப்பல்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் உருவாயின.

அவற்றுள் முதலாவதான 'பேட்ரிக் ஹென்றி'க்கு 1941 ஏப்ரல் 30இல் ஏரா எனப்படும் அடித்தண்டு இடப்பெற்றது. 150 நாளில் அது நீரில் இறங்கியது. 244ஆம் நாளில் ஒப்படைக்கப்பெற்றது. 1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்டு தளத்தில் 'இராபர்ட் இ. பியரி' 4 நாள், 15 மணி, 29 நிமிடத்தில் நீரில் இறங்கியது. 244 நாளையும் இதனையும் அருகருகே வைத்து வியப்போர் உளர். முன்னது ஒப்படைப்பு வரையிலான கணக்கு, பின்னது நீரிறக்கம் வரையிலான கணக்கு என்பதை அவர்கள் மறந்து விடுகின்றனர். அன்றியும், ஏரா இடுமுன்னரே பெரும்பகுதிகள் தனித்தனியே பற்றவைக்கப்பெற்றுக் காத்திருந்தன. அவ்வுழைப்பு நாட்கணக்கில் ஏறவில்லை.

எனவே அறிஞர் நாளை விடுத்து உழைப்பு மணிகளை எண்ணினர். விமான உற்பத்தியை ஆராய்ந்த டி. பி. ரைட் 1936இல் ஒரு விதியை வகுத்தார். எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் சராசரி உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது அவ்விதி. முதற்பொருளுக்கு 100 மணி எனின் இரண்டின் சராசரி 80. நான்கின் சராசரி 64. கைப்பழக்கத்தின் ஆற்றலை அளந்த இவ்விதிக்குக் கப்பல் தளங்களும் சான்றாயின.

எனினும் கணக்கில் ஏறாத ஒன்று கடலில் வெளிப்பட்டது. 1943 சனவரியில் 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில், துறையிலேயே பிளந்தது. அவ்வாண்டு நவம்பரில் லிபர்ட்டி வகையைச் சேர்ந்த 'ஜான் பி. கெயின்ஸ்' பிளந்து பத்து உயிர்கள் மாண்டன. குளிரில் அவ்வெஃகு நொறுங்குந்தன்மை அடைவதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் நிறுவினார். தறையாணி இணைப்புள்ள கலத்தில் தகட்டின் விளிம்போடு நின்றிருக்கக்கூடிய விரிசல், முழுதும் பற்றவைத்த கலத்தில் தடையின்றி ஓடியது. பீட்டர் தாம்சன் 2001இல் வெளியிட்ட ஆய்வு, விரைவின் ஒரு பகுதி புதிய முதலீட்டாலும், ஒரு சிறு பகுதி தரக் குறைவாலும் வந்தது எனக் காட்டியது.

ஆகவே ஒரு காலக் கணக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதனை விட்டுவிடுகிறது என்னும் மூன்றையும் வினவிய பின்னரே அதனை வியத்தல் தகும்.