கோடு சரிதான், குண்டுதான் மாறிவிட்டது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் கூப்பிட்டான். அங்கே கல்லூரியில் படிக்கிறான். விடுமுறை நாட்களில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போவான். தூரத்தில் நட்டு வைத்த இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் எனக்கு அது அவ்வளவாகப் பிடித்த விளையாட்டு இல்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, நான் குறுக்கே நிற்பதில்லை.

“தாத்தா, நான் இனிமே போட்டிக்குப் போகப் போறதில்ல. எனக்குக் கை நடுங்குது போல. நானூறு கஜம், ஐந்நூறு கஜம் எல்லாமே கீழே போயிடுச்சு.”

குரல் உடைந்திருந்தது. இருபது வயதுப் பையனுக்குக் கை ஏன் நடுங்க வேண்டும்? “புதுசா எதையாவது மாத்தினியா?” என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வழக்கமா வாங்கற தோட்டா கடையில கிடைக்கல. வேற கம்பெனி வாங்கினேன். குண்டு கொஞ்சம் எடை கூட. நூறு கஜத்துல சுட்டுப் பார்த்துச் சரி பண்ணிட்டுத்தான் போனேன்” என்றான்.

எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில் என்பது இந்தப் பக்கத்தைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், ‘ஓஸ்’ என்ற சொல்லுக்கு ‘விலை உயர்வு’ என்று பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த பெரியப்பா, “அது துப்பாக்கியிலும் இருக்குடா” என்றார். துப்பாக்கியின் பின்பக்கம் ஏற்றி இறக்கும் குறிகாட்டிக்கும் அதே பெயர்தான். ஒரு துடைப்பக் குச்சியைத் தோளில் வைத்துக் காட்டினார். “குண்டு நேரா போறதில்ல. குழலை விட்ட நிமிஷமே விழ ஆரம்பிக்குது. தூரம் கூடக்கூட மூக்கைத் தூக்கணும். அந்தத் தூக்கம்தான் ஓஸ்.”

இன்றைய தொலைநோக்கியில் அந்த ஏற்றி இறக்கும் வேலையைக் கண்ணாடியில் வரைந்த கோடுகளே செய்கின்றன. நடுவே ஒரு சிலுவைக் குறி. அதற்குக் கீழே படிப்படியாகச் சிறு கோடுகள். முதல் கோடு முந்நூறு கஜம், அடுத்தது நானூறு, அதற்கடுத்தது ஐந்நூறு என்று கணக்கு. எந்தத் தூரமோ அந்தக் கோட்டைத் தகட்டின்மேல் வைத்துச் சுட்டால் போதும். வசதிதான். ஆனால் அந்தக் கோடுகளை வரைந்தவர் ஒரு குறிப்பிட்ட தோட்டாவை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார். இந்த எடை, இந்த வடிவம், இந்த வேகம் என்று. வேறு தோட்டாவைப் போட்டால் அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

காற்றை மறந்துவிட்டு ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். அரை விநாடி பறக்கும் குண்டு ஏறக்குறைய 1.22 மீட்டர் விழும். அதைவிடக் கனமான, மெதுவான குண்டு அதே தூரத்துக்கு 0.55 விநாடி எடுத்துக்கொண்டால் 1.48 மீட்டர் விழும். விநாடியில் இருபதில் ஒரு பங்குதான் வித்தியாசம், விழுவதிலோ ஒரு ஜாணுக்கும் மேல். நூறு கஜத்தில் இந்த வேறுபாடு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அதனால்தான் பேரன் ஏமாந்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் முதலில் ஒழுங்காகப் போட்டுக் காட்டியவரின் கதை நம் கடற்கரையில் முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1707இல் பாத் நகரில், ஆயுதமே தொடக்கூடாது என்னும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். கணித மேதை. 1742இல் பீரங்கி இயல் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவரை குண்டின் வேகத்தை அளக்க நம்பகமான வழி இல்லை. அவர் ஒரு கனமான ஊசலைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைத் தள்ளினால் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்துத் தள்ளிய பலத்தைச் சொல்வது மாதிரிதான்.

அதில் பெரிய உண்மை ஒன்று வெளிவந்தது. வேகமாகப் போகும் குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை என்று பலர் நம்பியிருந்த காலம் அது. விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு, காற்றே இல்லாவிட்டால் 17 மைல் போக வேண்டும். நடப்பில் ஒரு மைல்கூடப் போவதில்லை. மீதியைத் தின்பது காற்று. ஆகவே குண்டின் எடையும் வடிவமும் வேகமும் மாறினால் பாதையே மாறும். 1747இல், குழலின் உள்ளே புரி வெட்டிய துப்பாக்கியின் பயனை முதலில் முழுதாக உணரும் நாடு போரில் மேல்கை பெறும் என்றும் எழுதி வைத்தார். பெரிய கணித அறிஞர் ஆய்லர் 1745இல் அவர் நூலை ஜெர்மனில் பெயர்த்துத் தம் விளக்கங்களையும் சேர்த்தார். 1783இல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த லொம்பார், ஓக்சோன் பீரங்கிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளிக்குத்தான் இளம் நெப்போலியன் வந்தார்.

அந்த ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி தலைமைப் பொறியாளராக நியமித்து நம் பக்கம் அனுப்பியது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, 1749இல் திருப்பிக் கொடுத்திருந்த நேரம். கோட்டைகளைச் செப்பனிட ஆள் வேண்டியிருந்தது. 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். வடக்கே சில மணி நேர நடைத் தூரத்தில், புதுச்சேரியில் துப்ளேக்ஸ் இருந்தார். வந்து ஓராண்டுதான். காய்ச்சல் கண்டு 1751 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். வயது 44. அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். 1758இல் அந்தக் கோட்டையை லாலியின் படை பிடித்து இடித்தது.

சிறுவயதில் உறவினர் வீட்டுக்குக் கடலூர் போகும்போதெல்லாம் கெடிலம் ஆற்றோரம் விளையாடியிருக்கிறேன். உலகத்துக்கே குண்டின் கணக்கைச் சொல்லித் தந்தவர் அந்த மண்ணில்தான் கடைசி மூச்சை விட்டார் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

தோட்டாவுக்கும் குறிகாட்டிக்கும் பொருத்தம் கெட்டால் என்ன ஆகும் என்பதை நம் சிப்பாய்களும் பார்த்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நாமெல்லாம் பார்த்த அந்த ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கியேதான். அதற்கு முதலில் 215 கிரெயின் எடையுள்ள மொட்டை மூக்குக் குண்டு. வேகம் விநாடிக்குச் சுமார் 2,000 அடி. 1910இல் 174 கிரெயின் எடையில் கூர்மூக்குக் குண்டு வந்தது. வேகம் 2,440 அடி. துப்பாக்கி அதே துப்பாக்கிதான், ஆனால் பழைய குறிகாட்டியின் எண்கள் புதிய குண்டுக்கு ஒத்துவரவில்லை. 1914இல் நம் நாட்டுப் படைகள் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தவை பழைய தோட்டாவுக்கான துப்பாக்கிகள். அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். பழகிய ஆயுதத்தை விட்டு, பழகாத ஒன்றுடன் நேரே போர்முனைக்குப் போனார்கள்.

அந்தத் தோட்டாக்களுக்கு வேண்டிய கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்துக்காக இந்த நூற்றாண்டுக் கணக்கில் பழைய தொழிற்சாலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரி அருவங்காட்டில் எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் பார்த்திருப்பீர்கள். சுதந்திரத்துக்குப் பின் இஷாப்பூர் தொழிற்சாலை அதே துப்பாக்கியை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியது. முதலில் 2,000 வரை எண் போட்ட பழைய குறிகாட்டியையே வைத்திருந்தார்கள். அடுத்த வடிவத்தில் அதை 800 மீட்டரோடு நிறுத்தினார்கள்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் பீரங்கியெல்லாம் வேண்டாம். என் மகன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஒருமுறை ஐந்நூறு டீ-சர்ட் அளவு குறைந்துவிட்டது. கட்டிங் மாஸ்டரைத் திட்டினார்கள். அவர் பேட்டர்ன் அட்டையை எடுத்து வைத்து, “அட்டை பொய் சொல்லாதுங்க. துணி வேற லாட்டு. சுருக்கம் கூட” என்றாராம். அட்டையும் சரி, கையும் சரி, துணிதான் மாறியிருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். கணக்குப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கணக்கிட்டுக் கொடுத்தேன். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழை இல்லை. ஆனால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் வைத்திருந்த பஞ்சப்படி அட்டவணை பழையது. புதிய ஆணை வந்து கோப்பில் கிடந்தது. ஏழு மாதம் அந்த அம்மா குறைத்து வாங்கினார். இரண்டு முறை வந்து, “கொஞ்சம் பாருங்கய்யா” என்று கேட்டார். நான் பார்த்தது என் கூட்டலைத்தான். “சரியாத்தானே இருக்கு” என்று அனுப்பினேன். பிறகு நிலுவை கிடைத்துவிட்டது. அதற்குள் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டும் தேதி போய்விட்டது. அந்தப் பெண் அந்த வருடம் சேரவில்லை. பிறகாவது சேர்ந்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் பேரனிடம் சொல்லவில்லை. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: “கை நடுங்கலடா. கோடு பழைய குண்டுக்குப் போட்டது. இந்தக் குண்டோட வேகத்தை அளந்து பார். ஒவ்வொரு தூரத்துலயும் சுட்டு, எந்தக் கோடு எந்தத் தூரத்துக்குச் சரியா வருதுன்னு நீயே எழுதி ஒட்டிக்கோ. வெயில் நாள், குளிர் நாள் ரெண்டுலயும் பார்.” அவனும் ஒன்று சொன்னான். அவன் தொலைநோக்கியில் உருவத்தைப் பெரிதாக்கும் அளவை மாற்றினால் கோடுகளின் கணக்கும் மாறுமாம்; ஒரே ஒரு அளவில்தான் சரியாக வருமாம். அதையும் அட்டையில் எழுதச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் கையால் எழுதிய சிறு அட்டை. அவன் நானூறு என்று நம்பியிருந்த கோட்டுக்கு எதிரே 370 என்று எழுதியிருந்தான். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

மேலே ஓரத்தில் தேதியும் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு நிறைவாக இருந்தது. அன்று என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டவணையில் தேதி இருந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.